மொட்டைமாடியில் வானலை: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ரேடியோ அலைகளைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்வதைக் காட்டிலும், அவற்றைத் தேடிப் பிடித்துக் கேட்டுத் தெரிந்துகொள்வதே மனத்தில் நிலைக்கும் என்பது என் உறுதியான கருத்து. பள்ளியில் அதிர்வெண், அலைநீளம் என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவர்களுக்குக்கூட, தம் வீட்டு மாடியில் நிற்கும் நேரத்திலேயே வானொலி நிலையங்களும் விமானங்களும் செயற்கைக்கோள்களும் அனுப்பும் சமிக்ஞைகள் தம்மைக் கடந்து போய்க்கொண்டிருக்கின்றன என்பதும், அவற்றில் பலவற்றைச் சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் கேட்கவும் காணவும் முடியும் என்பதும் தெரிவதில்லை. முன் அனுபவம் எதுவும் இல்லாத ஒருவர் அந்த இடத்துக்குப் படிப்படியாக வந்து சேர்வதற்காகவே இதை எழுதுகிறேன். பெரும்பகுதி கேட்பதைப் பற்றியது. அனுப்புவதற்குச் சட்டம் வேறு, அது கடைசியில் வருகிறது. படிகளின் வரிசையை மாற்றாமல் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கருவி வாங்குவதை நான்காவதாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு.

முதல் படி: ஒரே ஒரு கணக்கு

ரேடியோ அலை என்பது மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து அதிர்ந்தபடி ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்குச் சுமார் 3,00,000 கிலோமீட்டர் வேகத்தில் பரவுவது. நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது அதிர்வெண். ஓர் அதிர்வு முடிவதற்குள் அலை கடக்கும் தூரம் அலைநீளம். 3 கிலோஹெர்ட்ஸிலிருந்து 300 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பரப்பை ரேடியோ அலைகள் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். இந்தப் பரப்பில் எங்கே நின்றாலும் உதவும் கணக்கு ஒன்றுதான்: 300ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைத்துவிடும்.

சென்னை வானொலி நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ் என்பது 0.72 மெகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் ஏறக்குறைய 417 மீட்டர். அதே சென்னையின் பண்பலை 101.4 மெகாஹெர்ட்ஸுக்கு 2.96 மீட்டர். விமானங்கள் தம் நிலையை அறிவிக்கும் 1090 மெகாஹெர்ட்ஸுக்கு 27.5 சென்டிமீட்டர், வீட்டு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 12.5 சென்டிமீட்டர். 1890களில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிய அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். கணக்குப் போட்டால் அது 60 கிகாஹெர்ட்ஸ். இந்த நீளங்களை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஆன்டெனா எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், அலை எவ்வளவு தூரம் போகும், எந்தக் கேபிள் வாங்க வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த நீளத்திலிருந்துதான் பிறக்கிறது.

இரண்டாம் படி: பழைய வானொலிப்பெட்டியோடு ஒரு மாலை

தமிழ்நாட்டில் ஒலிபரப்பு 1924ஆம் ஆண்டு சென்னை மாகாண ரேடியோ கிளப்போடு தொடங்கியது. அதன் பின் பல தலைமுறைகள் வானொலி என்று அறிந்தது மத்திய அலையைத்தான். வீட்டில் மத்திய அலை உள்ள பேட்டரி வானொலிப்பெட்டி ஏதேனும் கிடந்தால் அதைத் தூசி தட்டி எடுங்கள். இதைவிட மலிவான ஆய்வுக்கருவி கிடைக்காது.

பகலில் ஒரு நிலையத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டியைக் கிடைமட்டமாக மெல்லச் சுழற்றுங்கள். ஒரு திசையில் ஒலி நன்றாகவும், அதற்குச் செங்குத்தான திசையில் மிகவும் மங்கியும் கேட்கும். பெட்டிக்குள் ஃபெரைட் தண்டின்மேல் சுற்றிய கம்பிச்சுருள்தான் ஆன்டெனா. அந்தத் தண்டின் முனை நிலையத்தை நோக்கும்போது சமிக்ஞை ஏறக்குறைய அற்றுப்போகிறது. ஒலி மங்கும் திசை கூர்மையாகத் தெரியும் என்பதால், நிலையம் இருக்கும் திசையைக் கண்டுபிடிக்க மங்கும் இடத்தையே பயன்படுத்த வேண்டும். ஆன்டெனாவுக்குத் திசை உண்டு என்ற உண்மை இவ்வாறு கையிலேயே பிடிபடும்.

அடுத்து, நிலையம் எதுவும் இல்லாத ஓரிடத்தில் முள்ளை நிறுத்தி, பெட்டியோடு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். எல்.இ.டி. பல்பு, கைப்பேசிச் சார்ஜர், மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் ஆகியவற்றின் அருகில் கரகரப்பும் ரீங்காரமும் எழும். இவற்றில் பல, மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டி மாற்றுவதால் உண்டாகும் இரைச்சல் அது. மலிவான கருவிகளில் அதைத் தடுக்கும் வடிகட்டியைச் சேர்ப்பதில்லை. மின்தடை நேரத்தில் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு அதே பெட்டியைக் கேட்டால், முன்பு காதில் விழாத நிலையங்கள் தெளிவாக வரும். நிலையத்தின் ஆற்றல் கூடவில்லை, இரைச்சல்தான் குறைந்திருக்கிறது. ரேடியோவில் கணக்குக்கு வருவது சமிக்ஞையின் அளவு மட்டுமன்று. இரைச்சலுக்கு மேல் அது எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதே. புதியவர்கள் இதைத் தொடக்கத்திலேயே உணர்ந்துகொண்டால் பின்னால் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும்.

இரவு எட்டு மணிக்கு மேல் மீண்டும் ஒருமுறை முள்ளை நகர்த்திப் பாருங்கள். பகலில் இல்லாத வெளிமாநில, வெளிநாட்டு நிலையங்கள் வரும். வளிமண்டலத்தின் மேலே சூரிய ஒளியால் உருவாகும் அயனி அடுக்குகளில் கீழடுக்கு பகலில் மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோக, அலை மேலடுக்கு வரை சென்று வளைந்து தொலைதூரத்தில் இறங்குகிறது. கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்குப் பகலிலும் ஒரு சலுகை உண்டு: உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் தரையை ஒட்டிச் செல்லும் மத்திய அலை கடலின்மேல் குறைந்த இழப்போடு பயணிக்கிறது.

மூன்றாம் படி: உயரத்தை அளத்தல்

பண்பலையும் அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களும் பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகும். அயனி அடுக்கு அவற்றைத் திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே பூமியின் வளைவுதான் எல்லை. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும். அனுப்பும் முனைக்கும் பெறும் முனைக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

9 மீட்டர் உயர மாடிக்கு 12 கிலோமீட்டர் வருகிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலுக்குக் கணக்கிட்டால் 190 கிலோமீட்டரை நெருங்குகிறது. 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் கொடைக்கானல் பண்பலை மதுரை, தேனி, திண்டுக்கல் எனத் தென்மாவட்டங்கள் பலவற்றில் வீட்டு வானொலியாகவே ஆகிவிட்டதற்கு அந்த மலைதான் காரணம். பத்து கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கோ 412 கிலோமீட்டர். ஏழாம் படியில் இந்த எண்ணை உங்கள் கணினித் திரையிலேயே பார்க்கப் போகிறீர்கள்.

நான்காம் படி: ரிசீவர் வாங்குதல்

இப்போது கருவிக்கு வரலாம். டிஜிட்டல் தொலைக்காட்சியைக் கணினியில் பார்ப்பதற்காக விற்கப்பட்ட யூ.எஸ்.பி. டாங்கிள்களில் இருந்த ஆர்.டி.எல். 2832யூ என்ற சில்லு, தான் பெறும் அலையை எண்களாக்கி அப்படியே கணினிக்கு அனுப்பக்கூடியது என்பது 2012ஆம் ஆண்டளவில் பரவலாகத் தெரியவந்தது. அதன் பிறகு ரேடியோவின் பெரும்பகுதி வேலை மென்பொருளுக்கு மாறிவிட்டது. ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். என்ற பெயரில் விற்கும் இக்கருவி ஏறக்குறைய 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை பெறும். ஒரே நேரத்தில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டையைத் திரையில் காட்டும்.

வாங்கும்போது உலோகக் கூடு, எஸ்.எம்.ஏ. என்ற திருகு வகை ஆன்டெனா கனெக்டர், வெப்பத்தால் அதிர்வெண் நகராமல் காக்கும் டி.சி.எக்ஸ்.ஓ. என்ற அலையியற்றி ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிளாஸ்டிக் கூடுள்ள மலிவான வகைகள் நம் ஊர் வெயிலில் சூடேறி அதிர்வெண் விலகிப்போகும். இதைவிட விலை உயர்ந்த கருவியைத் தொடக்கத்தில் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். அந்தப் பணத்தைக் கேபிளுக்கும் கம்பத்துக்கும் செலவிடுவது பன்மடங்கு பயன் தரும்.

ஐந்தாம் படி: ஆன்டெனாவும் கேபிளும்

அரை அலைநீள இருமுனை ஆன்டெனாவை வீட்டிலேயே செய்துவிடலாம். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். அதைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு கைகளாக்க வேண்டும். 300இன் பாதி 150 ஆயிற்றே என்று கேட்கலாம். கம்பியின் தடிமனும் முனைகளின் விளைவும் சேர்ந்து மின்னியல் நீளத்தைச் சற்றுக் கூட்டிவிடுவதால் ஏறக்குறைய ஐந்து விழுக்காடு குறைத்து வெட்டுகிறோம். 101.4 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 1.41 மீட்டர், ஒவ்வொரு கையும் 70 சென்டிமீட்டர். வீட்டு ஒயரிங்குக்குப் பயன்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை இந்த அளவுக்கு வெட்டி, ஒரு பி.வி.சி. மின்குழாயின்மேல் நேர்க்கோட்டில் கட்டி, நடுவில் இரண்டு கம்பிகளுக்கும் இடையே ஒரு விரல்கடை இடைவெளி விடுங்கள். கேபிளின் நடுக்கம்பி ஒரு கைக்கும் வெளிவலை மறு கைக்கும் போக வேண்டும்.

கேபிள் டிவிக்காரர்கள் பயன்படுத்தும் ஆர்.ஜி. 6 கேபிளையே நான் பரிந்துரைக்கிறேன். அதன் மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) 75 ஓம், ரிசீவருக்கோ 50 ஓம் என்று சிலர் தயங்குவார்கள்; பெறுவதற்கு மட்டும் பயன்படுத்தும்போது அந்தப் பொருத்தமின்மையால் வரும் இழப்பு மிகச் சிறியது. கவனிக்க வேண்டியது வேறொன்று: அதன் வெளிவலை பெரும்பாலும் அலுமினியம், அதில் ஈயப்பற்று ஒட்டாது. ஆகவே வலையைப் பின்னுக்கு மடித்து முறுக்கி, எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் திருகு வைத்த கனெக்டர் ஸ்ட்ரிப்பில் செருகி இறுக்குங்கள். மழைநீர் கேபிளுக்குள் இறங்கினால் சில வாரங்களில் வலை கறுத்துச் சமிக்ஞை தேய்ந்துபோகும். இணைப்பின்மேல் இன்சுலேஷன் டேப்பைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சுற்றிவிடுங்கள்.

கேபிள் இழப்பைப் புரிந்துகொள்ள, ஆற்றல் எத்தனை மடங்கு மாறுகிறது என்பதைச் சொல்லும் டெசிபெல் என்ற அளவு தேவை. 3 டெசிபெல் குறைந்தால் ஆற்றல் பாதி, 6 குறைந்தால் கால் பங்கு, 10 குறைந்தால் பத்தில் ஒன்று என்ற மூன்றும் போதும். மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிள் 1,000 மெகாஹெர்ட்ஸ் அளவில் 10 மீட்டருக்குச் சுமார் 6 டெசிபெல் தின்றுவிடும். மாடியில் பிடித்ததில் கால் பங்குதான் கீழே அறைக்கு வரும். அதே நீளத்தில் ஆர்.ஜி. 6 ஏறக்குறைய 2 டெசிபெல்தான் எடுத்துக்கொள்ளும் என்பதால் 60 விழுக்காட்டுக்கு மேல் வந்து சேர்கிறது. கைப்பேசியின் அமைப்புகளில் சமிக்ஞை வலிமை கழித்தல் 100 டி.பி.எம். (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) என்று காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மில்லிவாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு அது. அவ்வளவு நுண்ணிய ஆற்றலை வைத்துத்தான் தொலைபேசி உரையாடலே நடக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகளைக் கட்டாயம் பின்பற்றுங்கள். மின்வாரியக் கம்பிகளுக்கு அருகில், கம்பம் சாய்ந்தால் எட்டும் தொலைவில், ஆன்டெனாவை நிறுத்தவே கூடாது. கோடை இடியிலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் வானம் இருண்டதுமே கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு அதைத் தொடவே வேண்டாம்.

ஆறாம் படி: திரையைப் படிக்கக் கற்றல்

விண்டோஸ் கணினியில் முதலில் ஜாடிக் என்ற சிறு நிரலைக்கொண்டு டிரைவரை, அதாவது கணினி கருவியோடு பேச உதவும் மென்பொருளை, மாற்ற வேண்டும்; இதைச் செய்யாததால்தான் தொடக்கத்தில் பலருக்குக் கருவி வேலை செய்வதில்லை. பிறகு எஸ்.டி.ஆர். பிளஸ் பிளஸ் போன்ற இலவச மென்பொருளைத் திறந்து 101.4 மெகாஹெர்ட்ஸுக்கோ உங்கள் ஊர்ப் பண்பலையின் அதிர்வெண்ணுக்கோ செல்லுங்கள். மேலே ஒரு கோட்டுப்படமும், கீழே காலப்போக்கில் வழிந்து இறங்கும் வண்ணப்பட்டையும் தோன்றும்.

பண்பலை நிலையம் ஏறக்குறைய 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், பேச்சுக்கும் இசைக்கும் ஏற்ப விரிந்து சுருங்கும் பட்டையாகத் தெரியும். ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப அதிர்வெண்ணே 75 கிலோஹெர்ட்ஸ் வரை இருபுறமும் அசைவதுதான் அந்த விரிவு. மத்திய அலையில் பயன்படும் வீச்சுப் பண்பேற்றத்தில் அதிர்வெண் அசையாது, அலையின் உயரம்தான் மாறும். நடுவில் அசையாத ஒரு கோடும் இருமருங்கிலும் ஒன்றுபோன்ற இரண்டு சிறகுகளும் காணப்படும். டிஜிட்டல் சமிக்ஞைகள் இரைச்சலைச் செவ்வகமாக வெட்டி வைத்தாற்போல் இருக்கும், அல்லது நொடிப்பொழுதில் தோன்றி மறையும் கீற்றுகளாக வரும். கார்ச் சாவியின் பொத்தானை அழுத்தியபடி 433.92 மெகாஹெர்ட்ஸைப் பார்த்தால் அத்தகைய கீற்று பல நேரங்களில் அகப்படும்.

கெய்ன் என்ற பெருக்கத்தைத் தானியங்கியில் விடாமல் கையால் அமைத்துக்கொள்ளுங்கள். குறைவிலிருந்து மெல்ல உயர்த்தினால், ஓர் இடம் வரை சமிக்ஞை மட்டும் உயரும். அதற்கு மேல் இரைச்சலும் சேர்ந்து உயரும். இன்னும் கூட்டினால் இருக்கக்கூடாத இடங்களிலெல்லாம் பண்பலை நிலையங்களின் போலிகள் முளைக்கும். ஒலிபரப்புக் கோபுரத்துக்கு அருகில் இருக்கும் நகரவாசிகள் இதில் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும்.

ஏழாம் படி: விமானங்கள் சொல்வதைக் கேட்டல்

புதியவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. பயணிகள் விமானங்கள் தம் அடையாளம், இடம், உயரம், வேகம் ஆகியவற்றை 1090 மெகாஹெர்ட்ஸில் எல்லோருக்குமாக அறிவித்தபடி பறக்கின்றன. முந்தைய கணக்கின்படி இதற்கான இருமுனை ஆன்டெனாவின் மொத்த நீளம் 13.1 சென்டிமீட்டர், ஒரு கை ஆறரை சென்டிமீட்டர்தான். அதைச் செங்குத்தாக நிறுத்தி, கேபிளைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லுங்கள். விமானத்தின் ஆன்டெனா செங்குத்து முனைவாக்கம் உடையது, அதாவது அது அனுப்பும் அலையின் மின்புலம் மேலும் கீழுமாக அதிர்கிறது என்பதால், நம்முடையதைக் கிடையாக வைத்தால் சமிக்ஞையின் பெரும்பகுதியை இழந்துவிடுவோம்.

டம்ப்1090 என்ற இலவச நிரலை ஓடவிட்டால், வரிவரியாக விமானங்கள் வரும். ஒவ்வோர் அறிவிப்பும் 8 மைக்ரோநொடி முன்னறிவிப்புத் துடிப்புகளும் அதைத் தொடர்ந்து 112 பிட்டுகளும் கொண்டது. ஒரு பிட்டுக்கு ஒரு மைக்ரோநொடி என முழுச் செய்தியும் 120 மைக்ரோநொடியில் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு மைக்ரோநொடியின் முதற்பாதியில் துடிப்பு வந்தால் 1, பிற்பாதியில் வந்தால் 0. ஒவ்வொரு விமானத்துக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத 24 பிட் முகவரி உண்டு. 0 முதல் 9 வரையும் A முதல் F வரையும் கொண்ட பதினாறடிமான முறையில் எழுதப்படும் அந்த முகவரி 80 முதல் 83 வரை தொடங்கினால் விமானம் இந்தியாவில் பதிவானது; 770 என்று தொடங்கினால் இலங்கையில் பதிவானது.

சில நாட்கள் ஓடவிட்டு, எந்தத் திசையில் எவ்வளவு தூரம்வரை விமானங்கள் தெரிகின்றன என்று ஒரு வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். தடையில்லாத திசையில் உயரப் பறக்கும் விமானங்கள் 300 கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியக்கூடும். தண்ணீர்த் தொட்டியோ பக்கத்து அடுக்குமாடியோ மறைக்கும் திசையில் தூரம் சுருங்கிப்போகும். ஆன்டெனாவை ஒரு மீட்டர் உயர்த்தியோ தொட்டியின் மறுபக்கம் நகர்த்தியோ மீண்டும் குறித்தால், எந்த மாற்றத்துக்கு எவ்வளவு பலன் என்று எண்ணிக்கையாகவே கிடைக்கும்.

எட்டாம் படி: நகரும் மூலத்தைப் பின்தொடர்தல்

பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. அதிலுள்ள அமெச்சூர் வானொலியின், அதாவது ஆர்வலர்கள் உரிமம் பெற்று வணிக நோக்கமின்றிப் பேசிக்கொள்ளும் வானொலியின், குரல் 145.8 மெகாஹெர்ட்ஸில் வரும். ஒரு கைக்கு 49 சென்டிமீட்டர் வீதம் இருமுனை ஆன்டெனா செய்து, கைகளை 120 பாகை கோணத்தில் விரித்துக் கிடையாக வையுங்கள். நிலையம் கடக்கும் நேரத்தை என்2ஒய்ஓ போன்ற தளங்களில் பார்த்துக்கொள்ளலாம். எல்லாக் கடப்பிலும் ஒலிபரப்பு இருக்காது. பள்ளி மாணவர்களோடு விண்வெளி வீரர்கள் பேசும் நாட்களும், படங்களை ஒலியாக மாற்றி அனுப்பும் நாட்களும் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. நெருங்கி வரும்போது சமிக்ஞை 3.5 கிலோஹெர்ட்ஸ் அளவு மேலேயும், விலகும்போது அதே அளவு கீழேயும் நிற்கும். மூலம் நகர்வதால் அதிர்வெண் மாறித் தெரியும் இந்த டாப்ளர் விளைவு வளைகோடாகத் திரையில் வரையப்படுவதை அப்போது காண்பீர்கள்.

ஒன்பதாம் படி: சட்டமும் உரிமமும்

பொதுமக்களுக்கான ஒலிபரப்பு, அமெச்சூர் வானொலி, விமானங்களின் பொது அறிவிப்பு ஆகியவற்றோடு கேட்பதை நிறுத்திக்கொள்ளுங்கள். காவல்துறை, ராணுவம், தனிநபர் உரையாடல் ஆகியவற்றைத் தேடிப் போவதும் பதிவுசெய்வதும் பகிர்வதும் உங்களைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும்.

உரிமமின்றி அனுப்பக் கூடாது என்பது பொது விதி. குறைந்த ஆற்றலுக்குச் சில பட்டைகளில் விலக்கு உண்டு. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸும் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸும் அவற்றுள் அடங்கும். தோட்டத்து ஈரப்பத உணரி, தண்ணீர்த்தொட்டி அளவி என்று, குறைந்த ஆற்றலில் சிறு தகவல்களைத் தொலைவுக்கு அனுப்பும் லோரா மாட்யூல்களை வைத்துச் செய்ய விரும்பும் மாணவர்கள் இணையத்தில் 915 மெகாஹெர்ட்ஸ் என்று விற்பதை வாங்கிவிட வேண்டாம். அது அமெரிக்காவுக்கான பட்டை; இங்கே அந்தப் பகுதியைக் கைப்பேசி நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன.

இருவழியாகப் பேச விரும்பினால் அமெச்சூர் உரிமம் பெறுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்டமிடல் பிரிவு தேர்வு நடத்தி வழங்கும் இந்த உரிமத்தில், தொடக்கநிலையினருக்கு வி.யு.3 என்றும் பொதுநிலையினருக்கு வி.யு.2 என்றும் அழைப்புக்குறி, அதாவது வானலையில் உங்கள் அடையாளப் பெயர், தொடங்கும். இலங்கையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் உரிமம் பெற்றவர்களின் குறி 4எஸ் என்று தொடங்குகிறது. இந்திய அமெச்சூர்களுக்காக இஸ்ரோ 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்சாட் என்ற செயற்கைக்கோளையே அனுப்பியது என்பதை அறிந்தால், இந்தத் துறைக்குள்ள மதிப்பு விளங்கும்.

உரிமம் கையில் வந்ததும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு கைக்கருவியே போதும். உங்கள் பகுதியில் ரிப்பீட்டர், அதாவது உயரமான இடத்திலிருந்து உங்கள் சமிக்ஞையைப் பெற்று மறுபடி அனுப்பும் நிலையம், இருந்தால், அங்கே பேசுபவர்களின் முறையை முதலில் சில நாட்கள் கேளுங்கள். உங்கள் முறை வரும்போது பொத்தானை அழுத்தியவுடன் பேசிவிடாமல் ஒரு நொடி பொறுத்து அழைப்புக்குறியைச் சொல்லுங்கள். ரிப்பீட்டர் விழித்து அனுப்பத் தொடங்குவதற்கு அந்த இடைவெளி தேவைப்படுகிறது.